வத்தலும் குண்டும்

வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி ஆக்ஸிலியா, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜெசிந்தா.

ஓட்டலில் இரவு வேலையை விட்ட பிறகு நான் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான். ஜெசிந்தா வாசிப்பதைப் படக்கதையாக வரைந்தேன். போன வாரம் மூஞ்சிக்கல் பஸ் நிறுத்தத்தில் வத்தலக்குண்டு பஸ்ஸின் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தவள், "வத்தலா, குண்டா? ரெண்டுல எதுப்பா?" என்று கேட்டாள். ஓர் ஒல்லியனும் ஒரு தடியனும் ஒரே சீட்டுக்குச் சண்டை போடுவதாக வரைந்து, நடுவில் அவளை நிற்கவைத்து, வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகள் அவளுக்கு வத்தலக்குண்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதிலிருந்து அவள் வாய்விட்டு வாசிப்பதில்லை. சனிக்கிழமை காலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமா வாசி பாப்பா. கேக்குறேன்."

"நான் வாசிச்சா நீங்க வரைவீங்க."

"வரைய மாட்டேன்."

"அப்ப காதுல என்ன?"

காதில் பென்சில் இருந்தது. பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஆக்ஸிலியா சிரித்துவிட்டாள். "இப்ப உங்க மூஞ்சிய வரைங்க. நல்லா ஓடும்."

"அந்தப் படத்த அழிச்சிட்டேன்" என்றேன்.

"எல்லாரும் பாத்துட்டாங்கல்ல?" என்றாள் ஜெசிந்தா.

பென்சிலை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

"உள்ள போய் சத்தமா வாசிக்கப் போறேன். நீங்க கேக்கக் கூடாது."

புத்தகத்தோடு உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.