இன்னாசித்தம்பியின் லைசென்ஸ் ஜெட்டி

வள்ளம் கரையை நெருங்கியபோதுதான் இன்னாசித்தம்பி அதைக் கண்டான். வள்ளங்கள் அணைய அவன் மரத்தால் கட்டிய ஜெட்டி நடுவில் பலகை இல்லாமல், முன்பல் விழுந்த கிழவனைப் போலக் களப்புத் தண்ணீருக்குள் நின்றது. ஜெட்டியைப் பார்த்து எழுத, புத்தளத்திலிருந்து அவன் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்த கவர்மெண்டு ஓவசியர் ஐயா பக்கத்தில் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

நீர் ஏறி இறங்கும் கரையில் ஒரு தூண் நடும் வேலையைச் சொந்தமாக எடுப்பதானாலும் கவர்மெண்டு லைசென்ஸ் வேண்டும். அதைக் கேட்பவன் தன் கையால் ஒரு ஜெட்டி கட்டி, அது ஒரு பருவம் முழுக்க அடிக்கும் சோளகக் காற்றைத் தாங்கி நின்றதைக் காட்ட வேண்டும். அதுவரை யாரோ ஒரு கொந்தராத்துக்காரனுக்குக் கீழே கூலிதான். பாதி ஆயுளை அப்படிக் கழித்த இன்னாசித்தம்பி, வண்ணாத்திவில்லுக் காட்டிலிருந்து பாலை மரம் ஏற்றி வந்து இதைக் கட்டினான். சோளகம் முழுக்க அவன்தான் தூங்கவில்லை, ஜெட்டி அசையவேயில்லை.

மனைவி அனஸ்தாசியா முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தாள்.

“சாள்ஸ் அண்ணன் மோசம் போயிட்டாரு. நீங்க போன அண்டைக்கே. காய்ச்சல்தான். சவப்பெட்டி அடிக்க ஊருல ஒரு துண்டுப் பலகை இல்ல. பவுலினா அக்கா தங்கட வீட்டுக் கதவக் கழட்டப் போனா. குமர்ப்புள்ளைகள் இருக்கிற வீடு, நான் விடல்ல. ஜெட்டிப் பலகையக் கழட்டச் சொன்னன்.”

சாள்ஸ் அடுத்த வீட்டுக்காரன். இந்த ஜெட்டியின் தூண்களையெல்லாம் கழுத்தளவு தண்ணீரில் நின்று பிடித்துத் தந்தவன். கூலி என்று வாயே திறக்காதவன். இருந்தும் இன்னாசித்தம்பிக்கு முதலில் வந்தது கோபம். இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று செத்தவனையே நொந்துகொண்டான். பிறகுதான் வெட்கம் வந்தது. அழுகை அதற்கும் பிறகு.

ஓவசியர் தொப்பியைக் கழற்றினார். “முழுசா நிக்கிற ஜெட்டியெண்டாத்தான் நான் லைசென்ஸுக்கு எழுதலாம். நடுவிலை ஓட்டையோடை என்னெண்டப்பா எழுதுறது? இனி அடுத்த சோளகம் முடியட்டும்.”

இரக்கத்தோடுதான் சொன்னார். இரக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் யார் வேலை தருவார்கள்?

“ஓம் ஐயா,” என்றான். மனைவியிடம், “நான் இங்க நிண்டிருந்தாலும் குடுத்திருப்பன், புள்ள,” என்றான். அது உண்மைதானா என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனால் சொன்னதும் நெஞ்சு இலேசானது.

அப்போது மணலில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. சாள்ஸின் மனைவி பவுலினா கறுப்புச் சேலையில் வந்துகொண்டிருந்தாள். அவளும் மூத்த மகளும் ஆளுக்கொரு முனை பிடித்து வீட்டுக் கதவை இழுத்து வந்தார்கள்.

“அக்கா, வேணாம்,” என்று அனஸ்தாசியா ஓடினாள்.

“கிடக்கட்டும் புள்ள. வாசலுக்குச் சாக்குத் தொங்கவிட்டிருக்கன். அந்த மனுசன் பிடிச்ச தூண் சும்மா நிக்கப்படாது.”

அவள் ஜெட்டியில் ஏறி, கதவை அந்த இடைவெளியில் போட்டாள். அளவெடுத்ததுபோல் பொருந்தவில்லை, ஆனால் கிடந்தது. ஏறி நின்று மிதித்தும் பார்த்தாள்.

ஓவசியர் கதவு வரை நடந்துபோனார். நின்றார். பிறகு குனிந்து சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஒரு காலை அதன்மேல் வைத்தார். கதவின் சங்கிலி ஏறிவரும் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு ஆடியது.