ஷில்பா நிரூபித்த படிகள்

ஆரியசாலையில் பருப்பு மொத்தக்கடை வைத்திருக்கும் தாணுலிங்கத்தின் வீட்டுப் பின்முற்றத்தில், போன மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யாரும் கட்டாமல் ஒரு கல்படி முளைத்தது. அன்று பால் பாக்கெட் தாமதமாக வந்தது; வேறு விசேஷமில்லை. சற்று முன்புதான் அவருடைய மகள் ஷில்பா, இரண்டின் வர்க்கமூலத்தைப் பின்னமாக எழுதவே முடியாது என்பதைத் தானே நிரூபித்து முடித்திருந்தாள். பிளஸ் டூ முடித்தவள். பள்ளியில் கணக்குப் போட்டிருக்கிறாளே தவிர, ஒன்று ஏன் உண்மை என்று எழுதிக் காட்டியதில்லை. கல்லூரியில் அதைத்தான் கேட்பார்கள் என்று பழவங்காடியில் பழைய புத்தகம் ஒன்று வாங்கித் தனியாகப் படிக்கத் தொடங்கியிருந்தாள். பகா எண்களுக்கு முடிவில்லை என்று நிரூபித்த அன்று இரண்டாம் படி வந்தது. ஒருநாள் பொறுமையிழந்து போனைப் பார்த்து விடை எழுதினாள்; படி வரவில்லை. ஜூன் பாதிக்குள் பதினொரு படிகள் ஏறி ஓட்டுக்கூரையின் விளிம்பைத் தொட்டன.

தாணுலிங்கத்துக்குப் படிகள்மேல் ஆட்சேபம் இல்லை. மருத்துவ நுழைவுத்தேர்வில் மார்க் குறைந்துவிட்டது, மகள் இன்னொரு வருஷம் கோச்சிங் போகவேண்டும் என்பது அவர் தீர்மானம்.

"கணக்கு படிச்சு என்ன ஆகப்போறே?"

"படிச்சாத்தானே தெரியும்?"

கோபத்தில் கொத்தனார் சிபியைக் கூப்பிட்டு மேல்மூன்று படிகளை உடைக்கச் சொன்னார். சாயங்காலம் வரை சுத்தியல் விழுந்தது. ஷில்பா அழுதாள், ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"ஒண்ண நிரூபிக்க ஒரே வழிதான்னு நினைச்சியளா அப்பா? உடையுங்க. வேற வழியில போடுவேன்."

ஒன்பது நாள் ஆயிற்று. பழைய நோட்டைத் திறக்காமலே அந்த மூன்றையும் புது வழிகளில் நிரூபித்தாள். படிகள் திரும்பின, முன்பைவிட இருமடங்கு கனத்தில். மறுபடி உடைக்க வந்த சிபி தட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னால ஆகாது முதலாளி. மோளு படிச்சோட்டே" என்று, மகள் படிக்கட்டுமே என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டு, உளியைப் பையில் போட்டுக்கொண்டார்.

கோச்சிங் தொடங்கிய திங்கட்கிழமை அவள் போகவில்லை. கணிதம் ஒன்றை மட்டும் எழுதிய கல்லூரி விண்ணப்பத்தை அப்பாவின் காப்பி டம்ளர் பக்கத்தில் வைத்தாள். மூன்றாம் நாள் அவர் அதில் கையெழுத்துப் போட்டார்.

ஜூலையில் வகுப்பு தொடங்கியபோது படிகள் கூரையைத் தாண்டி, அடியில் தாங்க ஒன்றுமில்லாத வெளியில் பத்தொன்பதாக நின்றன. அடுத்த வீட்டார் அவற்றில் துணி காயப்போட்டார்கள். தாணுலிங்கம் சாலை பஜாரில் இரும்புக்குழாய் வாங்கிவந்து சிபியை வைத்துக் கைப்பிடி போட்டார். கடைசிப் படிக்கு மேல் ஆறடிக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டட்டுமா என்று சிபி கேட்டார்.

"வேண்டாம்," என்றார் தாணுலிங்கம். "பத்தாம வரும்."