வெள்ளையம்மாவின் இரண்டு வாளிப் பால்

நோட்டீஸ் ரோஸ் நிறத்தில் இருந்தது. லாபிஸ் ஊரில் ரயில் ஸ்டேஷன் சுவரிலிருந்து கள்ளுக்கடைக் கதவு வரைக்கும் ஒட்டித் தள்ளியிருந்தார்கள். ஒரே தாளில் மூன்று விற்பனை. மேலே, சதாசிவத்தின் மளிகைக் கடை, "முதலாளி தாயகம் திரும்புவதால்". அவர் நாலு வருஷமாகத் திரும்பிக்கொண்டிருந்தார். நடுவில், மரியநாதனின் தாய்ப்பால் விருத்தி லேகியம். அடியில், இரண்டு ஏக்கர் ரப்பர் நிலம்.

அந்த இரண்டு ஏக்கர் வெள்ளையம்மாவுடையது, புருஷன் விட்டுப்போனது. தெப்ராவில் அவள் தங்கச்சி ஒரு சாப்பாட்டுக் கடையில் அவளுக்கும் பங்கு பேசி வைத்திருந்தாள். மாசக் கடைசிக்குள் போய்ச் சேராவிட்டால் பங்கு வேறு கைக்குப் போய்விடும். நிலத்தை விற்றாக வேண்டும். மருந்துக் கடை மரியநாதனே ஊருக்கு நிலத் தரகர் என்பதால் அவரிடம் போய் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் அதற்குமேல் என்ன செய்ய?

நோட்டீஸ் ஒட்டின மறுநாளே வாசலில் ஆள் வந்தது. நிலம் பார்க்க வந்தவர்கள் என்று பாயை உதறிப் போட்டாள். வந்தது பக்கத்துத் தோட்டத்துப் பேச்சியம்மாள், இடுப்பில் கைக்குழந்தையோடு.

"அக்கா, சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"என்னத்த?"

"லேகியத்தத்தான். நேத்துலேருந்து மூணு வேளை தின்னும் எனக்கு ஒண்ணும் சுரக்கல. நீங்க எப்படிச் சாப்பிட்டீங்க?"

"நான் எதுக்குடி லேகியம் சாப்பிடுறேன்?"

பேச்சியம்மாள் மடியிலிருந்து ரோஸ் தாளை எடுத்தாள். அவளுக்கும் படிப்பு கிடையாது. ஆனால் புருஷன் மூன்று தரம் வாசித்துக் காட்டியதில் மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள்: "'இரண்டு வருஷம் சொட்டுக்கூட இல்லாமல் கிடந்தது. இப்போது விடிந்து ஒன்பது மணிக்குள் இரண்டு வாளி பால். இப்படிக்கு, வெள்ளையம்மா, லாபிஸ்.'"

வெள்ளையம்மாவுக்குக் காது இரண்டும் சுட்டது. அவள் சொன்ன வார்த்தைதான், மரம் ஒன்றைத்தான் காணோம். புருஷன் செத்தபிறகு இரண்டு வருஷம் பட்டை சீவிப் பால் வெட்டாமல் விட்டிருந்த மரங்கள், இப்போது காலை வெட்டுக்கு இரண்டு வாளி தருகின்றன என்றுதான் மரியநாதனிடம் சொன்னாள். ரப்பர்ச் சீமையில் பால் என்றால் என்னவென்று தவழும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அச்சில் வந்த பால் வேறு போலிருக்கிறது. இரண்டு வாளி என்பதில்கூட ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. லேகியம் அப்படிப்பட்டது என்றே எடுத்துக்கொண்டார்கள்.

மருந்துக் கடைக்குப் போகிற வழியில் டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவன் கூவினான்: "அக்கா, இங்க டீக்கு ஒரு வாளி பத்தல!"

மரியநாதன் எழுந்து நின்று வரவேற்றார். "மூவார் அச்சாபீஸ்ல அச்சுக் கோக்குறவன் செஞ்ச கோளாறும்மா. உங்க வரி ஒரு எடம் மேல ஏறிப்போச்சு. மரம்ங்கிற சொல்லு விழுந்துபோச்சு."

"அப்ப திருத்தி அடிங்க."

"அடிக்கலாம். ஆனா ஒரே நாள்ல எழுபது டப்பா போயிருச்சே. தாய்மாருங்க நம்பிக்கையைக் கெடுக்குறது பாவமில்லையா?"

"எனக்குப் பிள்ளையே கிடையாது, ஐயா!"

"அதை நோட்டீஸுல போடலையே," என்றார் மரியநாதன், ஆறுதல் சொல்கிற குரலில்.

பத்து நாள் ஆயிற்று. கைக்குழந்தையோடு பதினேழு பேர் வந்தார்கள். நிலம் கேட்டு ஒரு ஆள் வரவில்லை. நோட்டீஸில் நிலத்துக்கு மிஞ்சியிருந்தது "இரண்டு ஏக்கர், விவரம் நேரில்" என்ற நாலே வார்த்தை. மாசம் முடிய ஆறு நாள்.

சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துச் சனம் முழுக்கக் கடைத்தெருவில். வெள்ளையம்மா விடியுமுன்னே வெட்டி, எடுத்த பாலை இரண்டு வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மருந்துக் கடை வாசலில் இறக்கினாள். ஒரு குவளை மொண்டு நீட்டினாள்.

"குடிங்க, ஐயா."

"என்னது இது?"

"நோட்டீஸுல போட்டீங்களே, அந்தப் பால். ஊருக்கெல்லாம் என் பேரைச் சொல்லி வித்தீங்க. நீங்க ஒரு வாய் ருசி பார்க்க வேணாமா?"

கூட்டம் சேர்ந்தது. மரியநாதன் பின்னால் நகர்ந்தார். பின்னால் லேகிய அலமாரி. குவளை மூக்கருகே வந்தது.

"ஐயோ, அலமாக்! பைத்தியமா உங்களுக்கு? வயித்துல கட்டியா உறைஞ்சு போயிடும்! இது ரப்பர் பாலு!"

"என்ன பாலு?"

"ரப்பர் பாலு! மரத்துப் பாலு!"

கூட்டத்தில் பேச்சியம்மாள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அப்ப ரெண்டு வாளி குடுத்தது மரமா?"

"ஆமாம்மா."

"மரமா லேகியம் சாப்பிட்டுச்சு?"

பாதி தீர்ந்த டப்பாக்கள் ஒவ்வொன்றாக மேஜைமேல் ஏறின. அந்த நெரிசலில் ஒருவர் மட்டும் குனிந்து வாளியில் விரலை விட்டு, தேய்த்துப் பார்த்தார். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி ரபேல்.

"தண்ணி கலக்காத பாலு. எத்தனை மரம்மா?"

"முந்நூத்துப் பதினாறு."

மரியநாதனுக்கு உயிர் வந்தது. "கிராணியாரே! நிலம் நம்ம மூலமா. தரகு எனக்கு. நோட்டீஸப் பார்த்துத்தானே வந்தீங்க?"

"ஆமா," என்றார் ரபேல். "சம்சாரத்துக்கு லேகியம் வாங்க வந்தேன்."

"கேட்டுக்கிட்டீங்களா? லேகியத்துக்கு வந்தவரு, உங்களுக்குத் தரகு கிடையாது." வெள்ளையம்மா அங்கேயே நின்றாள். "கிராணி ஐயா, மரம் எங்கயும் ஓடாது, செத்த நில்லுங்க. இவரு முதல்ல ஸ்டேஷன்லேருந்து என் பேரைச் சுரண்டட்டும்."

மரியநாதன் கத்தியோடு போனார். அவள் பின்னாலேயே போனாள், ஊரும் போனது. தாள் லேசில் வரவில்லை. லேகியத்தில் சேராத நல்ல சரக்கெல்லாம் அந்தப் பசையில் சேர்ந்திருந்தது. கள்ளுக்கடைக் கதவு வரைக்கும் சுரண்டி முடிக்கப் பகல் இரண்டு மணி ஆயிற்று.

பிறகுதான் கிராணியை மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அவர் மரம் மரமாகத் தட்டிப் பார்த்து, விலை கேட்டார். சொன்னாள். கொஞ்சம் குறைக்கலாமே என்றார்.

"பத்து நாளா இந்த ஊரு என்னை எவ்வளவு குறைச்சது தெரியுமா ஐயா?" என்றாள் வெள்ளையம்மா. "இதுக்கு மேல குறைக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல."

ரபேல் அவள் சொன்ன விலைக்கே முன்பணத்தை எண்ணிக் கொடுத்தார்.