சின்ன விரலுக்குக் காணவில்லை

ஜுனைடைத் திட்டித்தான் தொடங்க வேண்டும். ஆனால் அவனைத் திட்டித் திட்டி நான் களைத்துப் போய்விட்டேன். மூன்று கிழமையாக அவனுடைய போனைக்கூட எடுக்கவில்லை. உண்மையில் திட்டு வாங்க வேண்டிய ஆள் வேறு. அந்த ஆள் தினமும் காலையில் என் பார்லர் கண்ணாடியில் எனக்கு நேரே வந்து நிற்கிறாள்.

என் பெயர் றிப்னா. கிழக்குக் கடலோரம், சாய்ந்தமருதில் கலியாணப் பெண்களுக்கு மேக்கப் போட்டு, மருதோன்றி வைத்துவிடுவது என் தொழில். பதினொரு வருடமாகிறது. அழுது வீங்கிய கண்ணை அழாத கண்ணாக்குவேன். நித்திரையில்லாத முகத்தை நிலவு மாதிரி ஆக்குவேன். கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரைக்கும் என் கைக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர்தான் எனக்குத் தலைக்கேறியிருந்தது போல.

ஜுனைட் என் சாச்சியின் மகன், எனக்குத் தம்பி முறை. கலியாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன். மனசுக்குள் பெரிய டைரக்டர். போன வருடம் ஒருநாள் பார்லர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"ராத்தா, ஒரு பேய்ப் படம் எடுக்கப் போறன். நீங்கதான் மையத்துக்கு மேக்கப்."

"போடா விசரா. கலியாணப் பொண்ணுக்குப் போடுற கையால செத்த மையத்துக்குப் போடவா?"

"சனம் பயந்து நடுங்கணும் ராத்தா. உசிர் போய் உசிர் வரணும். அதுதான் கலை."

"பயந்து நடுங்குறதுக்கு எதுக்குடா படம்? என்ட மாமியாரக் கூட்டிட்டு வாறன்."

விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டேன். ஆசைதான், ஒளிக்க என்ன இருக்கிறது? பதினொரு வருடம் அழகாக்கி அலுத்துப்போன கைக்கு, ஒரு தரமாவது அசிங்கமாக்கிப் பார்க்க ஆசை.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. சுனாமியில் கடலோடு போன ஒருத்தி இருபது வருடம் கழித்து ஈரத்தோடு வந்து வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அவ்வளவுதான். பாண்டிருப்பிலிருந்து வினோஜா என்ற பிள்ளை நடிக்க வந்தாள். நாடகம் படித்தவள். கொதிக்கிற வெயிலில் கடற்கரை மணலில் ஆடாமல் அசையாமல் கிடந்தாள். நான் அவளுடைய உதட்டை நீலமாக்கினேன். அரிசிமாவும் பசையும் குழைத்து, தோல் ஊறி உரிந்த மாதிரி கழுத்தில் அப்பினேன். ஜுனைட் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"எல்லாப் பேயும் இப்படித்தான் ராத்தா. வேற என்னவாவது வேணும். பாக்கிறவன்ட வயித்தப் பிசையணும்."

எனக்குச் சுருக்கென்றது. என் வேலை காணாது, போதாது என்று சொல்ல இவன் யார்? பையிலிருந்து மருதோன்றிக் கோனை எடுத்தேன். யோசிக்கவேயில்லை. வினோஜாவின் இடக்கையைப் பிடித்து, பெருவிரலிலிருந்து மோதிர விரல் வரைக்கும் நான்கு விரல் நுனிக்கும் தொப்பி போட்ட மாதிரி பூசினேன். சின்ன விரலை வெறுமனே விட்டேன். வலக்கையைத் தொடவேயில்லை.

ஜுனைட் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "அல்லாஹ்வே! இது எங்கால ராத்தா வந்த?"

"சும்மா தோணிச்சி."

மறுகா, அடுத்த நிமிடமே, அவனுக்குக் கெமரா புத்தி வந்துவிட்டது. வெளிச்சம் அந்தப் பக்கம், வலக்கையில் போடுங்கள் என்றான். சிவப்பு எடுபடாது, கறுப்பாக்குங்கள் என்றான். நான் துடைத்துவிட்டு, வலக்கையில், கறுப்பாகப் போட்டேன். அப்போதாவது என் கை கூசியிருக்க வேண்டும். கூசவில்லை.

சும்மா தோன்றவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சுனாமி வந்தபோது எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு வயல் பக்கம். தண்ணீர் அங்கே வரவில்லை. வாப்பாவிடம் உழவு மெசின் இருந்தது. இரண்டு நாளாக அதில்தான் கரையொதுங்கிய ஜனாஸாக்களை ஏற்றி இறக்கினார். சுனாமிக்கு அடுத்த நாள் உம்மா கொடுத்துவிட்ட பிளேன்டீப் போத்தலோடு நான் அவர்களை அடக்குகிற மையவாடிக்கே போய்விட்டேன். வாப்பா வேறு பக்கம் நின்றார். மெசினுக்குப் பின்னால் இழுக்கிற பெட்டியில் ஒரு பாய் கிடந்தது. பாய்க்கு வெளியே இரண்டு சின்னக் கைகள். இடக்கையில் நான்கு விரல் சிவந்திருந்தது. சின்ன விரலில் ஒன்றுமில்லை. வலக்கையிலும் ஒன்றுமில்லை. கையைப் பார்த்தால் என் வயதளவுப் பிள்ளை. ஏன் மற்றக் கைக்கு வைக்கவில்லை என்றுதான் நான் யோசித்தேன். அந்த வயதில் அதுதான் தோன்றியது.

வாப்பா என்னைக் கண்டு ஓடி வந்தார். "பொம்புளப் புள்ளைகள் வாற இடமில்ல இது. இஞ்ச வந்தத ஒருத்தருக்கிட்டயும் சொல்லாத மகள்," என்றார். நான் சொல்லவில்லை. யாருடைய பிள்ளை என்று ஆட்கள் கேட்டுப் பார்த்தார்கள். தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. ஓதி அடக்கிவிட்டார்கள். நான் பத்து வயதில் சொல்லாததற்கு மன்னிப்பு உண்டு. பதினெட்டில் சொல்லியிருக்கலாம், இருபத்தைந்தில் சொல்லியிருக்கலாம். பிள்ளையைத் தேடுகிற ஆட்களைப் பற்றிப் பேப்பரில் வரும்போதெல்லாம் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

படத்தை ஒலுவில் கெம்பஸில் ஒரு பிற்பகல் போட்டார்கள். பிள்ளைகள் கூக்குரல் போட்டார்கள், ஒருத்தி எழுந்து வெளியே ஓடினாள். ஜுனைடுக்கு வாயெல்லாம் பல். முடிந்ததும் ஒரு விரிவுரையாளர் எழுந்தார்.

"பயப்படுத்துறது கலையா தம்பி? ரோட்டில பஸ் மோத வந்தாலும்தான் நாங்க பயப்படுறம். அதுக்கு யாரும் கைதட்டுறல்லயே."

மண்டபம் சிரித்தது. ஜுனைட் விடவில்லை. "சேர், அழுகிற படத்தில சனம் கண்ணத் துடைச்சிட்டு வீட்ட போயிடும். பயப்படுற படத்தில கண்ணப் பொத்தினாலும் விரலிடுக்கால பாக்கும். பாக்க ஏலாதத பாக்க வெக்கிறன் சேர்."

"மத்ததெல்லாம் வெறும் அரிசிமாவும் கூச்சலும்," என்றார் அவர். "ஒரு இடம் மட்டும் உண்மை. அந்தக் கை. அரைவாசியில நிண்டுபோன மருதோன்றி. அத யார் யோசிச்ச?"

ஜுனைட் என்னைக் காட்டினான். எல்லாத் தலையும் என் பக்கம் கிறுகியது. நான் எழும்பினேன். அந்த நேரத்தில் வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்திருந்திருக்கக் கூடாதா?

"என்ட கற்பனைதான் சேர்," என்றேன்.

கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இனித்தது. இருபது வருடம் வாயைத் திறக்காதவள், கைதட்டுக்காகத் திறந்தேன். அதையும் பொய் சொல்லத்தான் திறந்தேன்.

ஜுனைட் படத்தை இன்டர்நெட்டில் போட்டான். ஒரு மாதம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை நண்பகல் லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், பார்லரில் யாருமில்லாத நேரம், ஒரு பெண் ஸலாம் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மருதமுனையிலிருந்து பஸ் பிடித்து வந்ததாகச் சொன்னார். பெயர் மைமூனா. கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். கையில் ஒரு போன்.

"பேய்ப் படம் பாக்கிறது கூடாது எண்டு எனக்கும் தெரியும் மகள். தங்கச்சிட மகன் பாத்துக்கு இருந்தான். அந்தக் கையக் கண்டன். மறுகா நானே ஏழு தரம் பாத்திட்டன்."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளங்காத மாதிரிச் சிரித்தேன். "பிளேன்டீ குடிக்கிறீங்களா மாமி?" என்றேன்.

"எனக்கு ஒரு மகள். இன்ஷிரா. எட்டு வயசு. சுனாமியண்டு சம்மாந்துறையில என்ட தம்பிட கலியாணம். முதல் நாள் ராவு இஷாவுக்குப் பொறகு மருதோன்றி அரைச்சன். இலை காணல்ல. இடக்கைல நாலு விரலுக்கு வெச்சன், சின்ன விரலுக்குக் காணல்ல. ஒரே அழுக. நாளைக்குக் கலியாண வீட்டில மிச்சத்துக்கு வெச்சுத் தாறன் எண்டு சொன்னன். சீலைத் துண்டால சுத்திக் கட்டிட்டுப் படுத்திட்டா. நான் விடியச் சுபஹோட கலியாண வீட்டுக்குச் சமைக்கப் போயிட்டன். அவட வாப்பாவும் மகளும் பொறகு வர இருந்தாங்க." நிறுத்தினார். "வாப்பாட மையத்துக் கிடைச்சிச்சி. அவ கிடைக்கல்ல. மருதமுனை முழுக்கத் தேடின. ஒரு பொம்புளப் புள்ளைய யாரோ ஜீப்பில ஏத்திக் கொழும்புக்குக் கொண்டு போன எண்டு கதைச்சாங்க. வளத்திருப்பாங்க. இப்ப இருவத்தெட்டு வயசு."

எல்லோரும் மருதமுனையில் தேடியிருக்கிறார்கள். பிள்ளை சாய்ந்தமருதில் கிடந்திருக்கிறாள். நடுவில் கல்முனை, அவ்வளவுதான்.

மைமூனா மாமி போனை என் முன்னால் நீட்டினார். படத்தை அந்தக் கையில் நிறுத்தி வைத்திருந்தார்.

"ஆனா பாருங்க மகள், இது வலக்கை. என்ட புள்ளைக்கு நான் வெச்சது இடக்கைல. அப்ப இது அவ இல்லதானே? நீங்க கற்பனையாத்தான் செஞ்ச எண்டு எல்லாரும் சொல்றாங்க. சின்ன விரலும் கற்பனைதானே?"

அவருடைய கண்ணைப் பார்த்தேன். அது கேள்வி கேட்கிற கண் இல்லை. சொல்லு, சொல்லு என்று கெஞ்சுகிற கண். நான் என்ன செய்வேன்? இருபது வருடம் உயிரோடு வைத்திருந்த பிள்ளையை நானா கொல்வது? அப்படித்தான் எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் வேறொன்றும் இருந்தது: சொன்னால் நான் கள்ளி என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

"ஓம் மாமி, கற்பனைதான்," என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று மூச்சு விட்டார். முகம் அப்படியே இளகிவிட்டது. பிளேன்டீயை முழுக்கக் குடித்தார். என் கையைத் தடவி, "கெட்டிக்காரக் கை, அல்லாஹ் பறக்கத் செய்யட்டும்," என்றார். அந்த இடத்தில் கையை வெட்டிப் போட்டிருந்தாலும் எனக்கு வலித்திருக்காது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், பாதி எனக்கு, பாதி தனக்குத்தானே மாதிரி:

"அப்ப இண்டைக்கும் பழையபடி ரெண்டு துஆதான். மௌத்தானவளுக்குக் கேக்கிற துஆ ஒண்டு, ஹயாத்தோட, உசிரோட இரிக்கிறவளுக்குக் கேக்கிற துஆ ஒண்டு. இருவது வருசமா ரெண்டையும் கேக்கிறன். எதக் கேட்டாலும் மத்தது நெஞ்சில குத்துது மகள். செரி, வாறன்."

படியிறங்கிவிட்டார். முந்தானையைத் தலையில் சரி செய்துகொண்டு பஸ் வருகிற பக்கம் பார்த்தார்.

"மாமி!" என்று கத்தினேன். ரோட்டில் போன ஆட்டோக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். "மாமி, நில்லுங்க. நான் பொய் சொன்ன."

உள்ளே கூட்டி வந்து கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிளேன்டீப் போத்தல், மெசின் பெட்டி, பாய். இடக்கைதான், கெமராவுக்காக வலக்கைக்கு மாற்றியது. வாப்பா சொன்னது. நான் சொல்லாமல் இருந்தது. கெம்பஸில் கைதட்டு வாங்கியது. ஒன்றையும் விடவில்லை. அழுதேன்தான், ஆனால் என் அழுகைக்கு அங்கே யார் பெறுமதி கொடுக்கப் போகிறார்கள்?

மைமூனா மாமி அழவில்லை. கலியாணப் பெண்கள் உட்காருகிற அந்தப் பெரிய கதிரையில், கண்ணாடிக்கு முன்னால், முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி றாஜிஊன்," என்று, மரணச் செய்திக்கு ஓதுகிறதை மெல்ல ஓதினார். வெளியே லுஹர் பாங்கு சொல்லி முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"முகம் கண்டீங்களா?"

"இல்ல மாமி. பாய் மூடியிருந்திச்சி."

"எங்க வெச்சாங்க?"

"மையவாடில, கடல் பக்கத்து மதிலோரம். ஓதித்தான் வெச்சாங்க. நான் கூட்டிட்டுப் போறன்."

செரி என்று தலையை ஆட்டினார்.

"என்ன ஏசுங்க மாமி," என்றேன். "ரெண்டு அடி எண்டாலும் அடிங்க. அந்தப் படத்த இண்டைக்கே அழிக்கச் சொல்லுறன்."

"அழிச்சா என்ன, அழிக்காட்டி என்ன. நான் பயப்படுறதுக்கு அதப் பாக்கல்ல," என்றார். பிறகு: "உங்கள ஏசத்தான் வேணும். இண்டைக்கு ஏலா மகள். இன்னொரு நாளைக்கு வந்து ஏசுறன்."

போனைத் திரும்ப எடுத்தார். நிறுத்தி வைத்திருந்த படம் இன்னும் அப்படியே நின்றது. கறுத்த நான்கு விரலும் வெறும் சின்ன விரலும். அதைப் பெருவிரலால் துடைத்தார், தூசு பட்ட மாதிரி.

"இதுல கறுப்பா இரிக்கி."

"அது நான் செஞ்ச வேல மாமி. பயம் காட்டுறதுக்குக் கறுப்பாக்கின. அசல் அப்படியில்ல."

போனை மடியில் கவிழ்த்து வைத்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அவர் குரல் முதல் தடவையாக உடைந்தது.

"நான் விடியப் போகக்குள்ள சீலை சுத்தியிருந்திச்சி மகள். அவிழ்த்துப் பாக்கல்ல. எழும்பிடுவாவே எண்டு பாக்கல்ல." இடக்கையை விரித்து என் பக்கம் காட்டினார். "நல்லாச் செவந்திருந்திச்சா?"

இருபது வருடத்தில் அந்தக் கையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. பதில் எனக்குத் தெரியும்.

"ஓம் மாமி," என்றேன். "நல்லாச் செவந்திருந்திச்சி."