கார்டில் இருந்த அத்தை

காயாரோகணத்துக்கு அத்தைமேல் ஒரே ஒரு மனக்குறை. கூப்பிட்டால் வரமாட்டாள்.

நாகம்மாள் அவன் அப்பாவின் கூடப் பிறந்தவள். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை குட்டி கிடையாது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, பண்ணை நிலத்தின் ஓரத்தில், வாய்க்கால் கரையில் ஒற்றைக் குடிசை. அறுபத்து நாலு வயசிலும் நடவுக்கு முதல் ஆளாக இறங்குவாள். கூரைக்குக் கீற்றும் அவளே முடைவாள். கூலிச் சண்டை நடந்த வருஷம் பண்ணை ஆட்கள் அவள் வேலியை மூன்று முறை பிடுங்கி எறிந்தார்கள். மூன்று முறையும் ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி கட்டினாள். நாலாவது முறை பிடுங்க அவர்களுக்கே அலுத்துவிட்டது.

காயாரோகணம் குத்தாலத்தில் அரிசி மில்லில் எடை போடுகிறவன். மாதத்தில் ஒரு ஞாயிறு மாயவரம் போய் ரயிலேறி அத்தையைப் பார்த்துவிட்டு வருவான். கையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கும். வெறும் பையை அவள் திருப்பித் தரமாட்டாள். பயறோ கருவாடோ போட்டுத்தான் தருவாள்.

"எங்களோட வந்து இருங்க அத்தே" என்று ஒவ்வொரு முறையும் கேட்பான்.

"ஏன், எனக்குக் கையும் காலும் மொடங்கியா போச்சு?" என்பாள். அதோடு பேச்சு முடிந்தது.

குறைபட்டுக்கொண்டே இருப்பானே தவிர, மில்லில் வாயைத் திறந்தால் "எங்க அத்தை இருக்காங்களே" என்றுதான் ஆரம்பிப்பான். அப்படி ஒரு பெருமை அவனுக்கு.

ரேஷன் கார்டுக்குப் பேர் எழுத ஆள் வந்தபோது, "வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்டார். மனைவி சுந்தரி நாலு என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "அஞ்சு பேருங்க. எங்க அத்தை நாகம்மாளையும் எழுதிக்குங்க" என்றான். சுந்தரி முறைத்தாள். அந்தப் பேருக்கு வந்த சர்க்கரையை மாதாமாதம் அத்தையிடமே சேர்த்துவிட்டதால், செய்தது தப்பு என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மாவாவது இருந்திருக்கலாம். ஒரு ஞாயிறு ஸ்டேஷன் டீக்கடையில் பண்ணைக் காரியஸ்தர் தியாகராசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாவம்ப்பா. அண்ணன் மவன் நீ இருந்தும் அந்தப் பொம்பளை அநாதையாக் கெடக்குதுன்னு ஊரே பேசுது" என்றார்.

நம்மாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "யாருங்க அநாதை? எங்க கார்டுலயே அத்தை பேர் இருக்கு, தெரியுங்களா?"

தியாகராசன் ரொம்ப நல்லவர்போலத் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

அது குடியிருப்புச் சட்டம் வந்திருந்த சமயம். பண்ணை நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கும் கூலிக்காரர்களுக்கே அந்த மனை சொந்தம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. யார் யார் உண்மையாகவே குடியிருக்கிறார்கள் என்று விசாரிக்க அதிகாரி வந்தார். ஆனி மாத வெயிலில், புங்கமரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். அத்தைக்கு மனை கிடைக்கும் நாளாயிற்றே என்று காயாரோகணம் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

நாகம்மாள் பேரைக் கூப்பிட்டதும் தியாகராசன் எழுந்தார். "இந்தம்மா இங்க குடியில்லீங்க. குத்தாலத்துல அண்ணன் மவன் வீட்டுல இருக்கு. நடவு, அறுப்புக்கு மட்டும் வந்துட்டுப் போவுது. ரேஷன் ஆபீசுல கார்டு நம்பரோட எழுதி வாங்கியாந்திருக்கேன்" என்று ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

டீக்கடையில் தான் அவிழ்த்துக் கொட்டியது இப்படி வந்து நிற்கும் என்று காயாரோகணம் கனவிலும் நினைக்கவில்லை.

அத்தை திரும்பிப் பார்த்தாள். "நெசமா காயா?"

"ஆமாங்க அத்தே."

அவள் திட்டவில்லை. அதிகாரி பக்கம் திரும்பி, "பேரு அங்க இருக்கலாமுங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

"சொன்னா போதாதும்மா. கார்டு உங்க பேரை இன்னொரு வீட்டுல காட்டுது. அது தப்புன்னா கார்டுக்காரர் ஒத்துக்கணும். பொய்யா பேரைச் சேத்தா கேஸ் ஆவும்."

கேஸ் என்றதும் மில் முதலாளியின் முகம்தான் காயாரோகணத்தின் கண்முன் வந்தது. வேலை போனால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது?

அத்தை அவன் கிட்டே வந்தாள். "நீ பேசாம இரு. புள்ளைகுட்டிக்காரன். குடிசை போனா இன்னொரு கரையில கட்டிக்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னாள்.

இந்த நிலையிலும் அவனைத்தான் காப்பாற்றப் பார்க்கிறாள். எந்தக் கூலிச் சண்டைக்கும் அசையாதவள், அவனுக்காக விட்டுக்கொடுக்கத் துணிந்துவிட்டாள். இதற்குமேல் பேசாமல் இருந்தால் தான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. மேசை முன்னால் போய் நின்றான்.

"நான்தாங்க பொய் எழுதினேன். எங்க அத்தை எங்க வீட்டுல இல்லீங்க."

"இத்தனை வருஷத்துல எத்தனை ராத்திரி தங்கியிருக்காங்க?"

"ஒரு ராத்திரிகூட இல்லீங்க. என் மவ காதுகுத்துக்கு வந்தாங்க. பந்தியில பரிமாறிட்டு, கோழியை அடைக்கணும்னு சாயங்கால வண்டிக்கே கெளம்பிட்டாங்க. கால்ல விழாத குறையாக் கேட்டேன்."

கூட்டம் சிரித்தது. அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. "அப்புறம் ஏன்யா பேரைச் சேத்தே? சர்க்கரைக்கா?"

"இல்லீங்க." அத்தை இருந்த பக்கம் கையைக் காட்டினான். "கூப்பிட்டா வரமாட்டேங்கறாங்க. எழுத்துலயாவது எங்க வீட்டுல இருக்கட்டுமேன்னு நெனச்சேனுங்க."

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை அவன் பக்கம் தள்ளினார். "சொன்னதை எழுதிக் குடு. நாளைக்கே போய்க் கார்டுல பேரை அடிச்சிடணும். கேஸ் வராம நான் பாத்துக்கறேன்."

'என் அத்தை நாகம்மாள் என் வீட்டில் குடியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குள் அவன் கை இரண்டு தரம் நின்றது. அதிகாரி அதை வாங்கிப் படித்து, மனை நாகம்மாளுக்கே என்று பதிந்தார். தியாகராசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

அத்தையும் அவனும் வாய்க்கால் கரையோடு நடந்தார்கள். "மன்னிச்சுக்குங்க அத்தே" என்றான் அவன்.

"பேரை அடிச்சா என்னடா, எழுதி வெச்சாத்தான் அத்தையா?" என்றாள். பிறகு நின்றாள். "மனையை அளந்து கல்லு நட சர்வேயர் வருவாராம். பண்ணை ஆளுங்க நாலு பேர் வந்து நிப்பானுங்க. எனக்குன்னு ஒருத்தன் நிக்க வேணாமா? நீ வந்து நில்லு."

இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அத்தை அவனிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டதே கிடையாது. காயாரோகணம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"என்னைக்குங்க அத்தே?" என்று கேட்டான்.