நவம்பர் மாதத்துக் கடற்பாசிச் சூப்

கொரியர்கள், பிள்ளை பெற்ற தாய்க்குக் கடற்பாசிச் சூப் காய்ச்சிக் கொடுப்பார்கள். பிறகு அந்தப் பிள்ளையின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதே சூப்தான். பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்ட் நகர்ப் பகுதியில் அனோஜினியின் எதிர்வீட்டில் குடியிருந்த மதாம் சூன் வருடத்தில் இரண்டு தரம் அதைக் காய்ச்சினார். மே மாதத்தில் மகள் ஹேஜினுக்காகத் தன் வீட்டில். நவம்பரில் அனோஜினியின் அடுப்பில், கதவைச் சாத்திக்கொண்டு.

நவம்பர்ப் பிள்ளையைப் பற்றி அனோஜினிக்கு மட்டும்தான் தெரியும். மதாம் சூனுக்குக் கலியாணத்துக்கு முன் பிறந்த ஆண்குழந்தை. பால் மணம் மாறுமுன் தத்துக்கொடுத்துவிட்டார்கள். எந்த நாட்டுக்கு என்றுகூடத் தாய்க்குச் சொல்லவில்லை. இரண்டு பெண்களும் முன்பு ஒரே தொழிற்சாலையில் மருந்துப் பெட்டி அடுக்கியவர்கள். அங்கே பொறுக்கிய உடைந்த பிரெஞ்சில் அவர் இதைச் சொல்லி அழுதபோது, யாரிடமும் சொல்வதில்லை என்று அனோஜினி மாதாவின் பெயரால் வாக்குக் கொடுத்தாள்.

ஒரு நவம்பரில் அனோஜினி காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவளை எழுப்ப மனமின்றி மதாம் சூன் தன் வீட்டிலேயே சூப்பை வைத்தார். தான் குடியிருந்த இல்-பிசாரிலிருந்து ஹேஜின் சொல்லாமல் கொள்ளாமல் அன்றைக்கென்று வந்து நின்றாள்.

"இண்டைக்கு ஆருக்குப் பிறந்தநாள்?"

தாய்க்கு வாய் குழறியது. "உனக்குத்தான்."

ஹேஜின் அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள். அதற்குமுன் தாய் தன் வீட்டைப் பூட்டும் திறப்பையும் தொலைத்திருந்தார். மகள் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் தாய்க்கு இடம் எடுத்தாள்.

"மகளிட்டச் சொல்லுங்க மதாம்," என்று அனோஜினி கெஞ்சினாள். "உங்களுக்கு மறதி வருத்தம் எண்டு நினைக்கிறா."

"நினைக்கட்டும். 'என்னைத் தாயாக்கினது நீதான்' எண்டு ஒவ்வொரு பிறந்தநாளும் அவளுக்குச் சொல்லியிருக்கன். குடுத்ததைத் திருப்பிப் பறிக்கிறதா? மறதி பாவமில்லைத்தானே."

அனோஜினியின் புருசன் மைக்கலுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன ரகசியமெண்டாலும் சொல்லிப்போடு புள்ள. மனுசியக் கொண்டுபோய் அடைக்கப்போறாங்க."

"வாக்குக் குடுத்திட்டன்."

"உன்ர மீன் குழம்பைப் பற்றி நானும்தான் வாய் திறக்கிறதில்லை. அது குடும்பம் நடக்க. இது வேற."

அவள் சிரிக்கவில்லை. சாமான் கட்டும் நாளில் ஹேஜினிடம் போனாள். பொய் சொல்லவும் மனமில்லை, உண்மையைச் சொல்லவும் உரிமையில்லை.

"அண்டைக்கு அம்மாவுக்கு மறதி இல்லை. அதுக்கு மேல என்னால சொல்லேலாது."

ஹேஜின் களைத்த முகத்தோடு அவளுடைய கையைப் பிடித்தாள். "அம்மாவில உள்ள பாசத்தில சொல்லுறீங்க. மெர்சி, மதாம்." நன்றி சொன்ன கையோடு சூப் சட்டியை நீட்டினாள். "இதை நீங்க வைச்சிருங்க. அங்க அடுப்பு வைக்க விடமாட்டாங்க."

தெய்வம் ஒரு வாக்கை ஏன் இத்தனை பாரமாக்குகிறது என்று அனோஜினிக்கு விளங்கவில்லை. அவள் செபம் மட்டும் சொன்னாள்.

அடுத்த நவம்பரில், அதே நாளில், அந்தச் சட்டியிலேயே சூப் காய்ச்சினாள். பிளாஸ்கில் ஊற்றி, இரண்டு கிண்ணமும் எடுத்துக்கொண்டு, பஸ் மாறி மாறி இல்-பிசாருக்குப் போனாள். வழக்கம்போல் இருவருமாகக் குடிக்கலாம் என்பது எண்ணம்.

மதாம் சூன் மெலிந்திருந்தார். அறையில் வேறு யாருமில்லை. அனோஜினி கதவையும் சாத்தினாள். கிழவி ஒரு கரண்டி குடித்து, நல்ல ருசி என்று தலையாட்டினார்.

"ஆருக்குப் பிறந்தநாள்?"

அனோஜினி அவருடைய கண்களைப் பார்த்தாள். இப்போது அது நடிப்பில்லை. அந்தப் பிள்ளையை நினைக்க இனி உலகத்தில் அவள் ஒருத்திதான்.

"ஒரு பிள்ளைக்கு, மதாம்."

"அது சாப்பிட்டுதா?"

"இன்னும் இல்லை."

"பாவம். அதுக்கும் கொஞ்சம் ஊத்து. ஆறப்போகுது."

அனோஜினி தனக்கென்று கொண்டுவந்த கிண்ணத்தை எடுத்து, அதில் சூப்பை ஊற்றி, ஆவி பறக்க அவருக்கு முன்னால் வைத்தாள்.