தொட்டிக்குப் பக்கத்தில் ஆர்லீன்

மொன்டானாவில் வீட்டுவண்டிகள் நிற்கும் எங்கள் முகாமில் குளிர்காலம் முழுக்கத் தங்குகிறவர்கள் நாலைந்து பேர்தான். அதில் ஆர்லீன் விருப்பப்பட்டுத் தங்கியவள் இல்லை. பனி விழுமுன் அரிசோனாவுக்குப் போய்விடலாம் என்று சொல்லித்தான் அவள் புருஷன் லெலண்ட் வீட்டை விற்று இந்த வீட்டுவண்டியை வாங்கினான். அக்டோபரில் அவளைக் கேட்காமலே பனி அள்ளும் லாரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. பம்பு உறைய ஆரம்பித்துவிட்டது. "நீ பாக்குறியா?" என்றாள். லெலண்ட் டிவியில் ஓடிய கால்பந்தாட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆட்டம் முடியட்டும்."

"முடியறதுக்குள்ள குழாய் வெடிச்சிடும்."

"அவ்ளோ அவசரம்னா நீயே போ."

போனாள். வண்டியின் அடியில், தரைக்கு மேலே முழங்கால் உயரத்தில் சாமான் அறை. தண்ணீர்த் தொட்டியும் பம்பும் அதற்குள்தான். சின்ன ஹீட்டரைத் தள்ளிக்கொண்டு தவழ்ந்து போய், பம்புக்கு நேராக வைத்தாள். அப்போது காற்று, தூக்கி மாட்டியிருந்த கதவை அடித்துச் சாத்தியது. வெளித்தாழ்ப்பாள் 'டக்'கென்று விழுந்தது.

நிமிர்ந்து உட்கார இடமில்லை. தலைக்கு மேலே பலகை. பலகைக்கு மேலே புருஷனின் நாற்காலி. அங்கே கிடந்த ஸ்பானரால் பலகையைத் தட்டினாள். "லெலண்ட்! மாட்டிக்கிட்டேன்!" டிவி சத்தம் கூடியது. மறுபடி தட்டினாள். இன்னும் கூடியது. காற்றின் இரைச்சலில் எங்கள் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. கால்விரல்கள் மரத்தன. ஹீட்டரோ பம்புக்கு மட்டுமே போதும். 'இங்கேயும் அடைப்பு, மேலேயும் அடைப்பு, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்' என்று தோன்றியபோதுதான் தனக்கு அழுகை வந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

அழுது முடித்ததும் தொட்டியின் வால்வு கண்ணில் பட்டது. இறுக்கி மூடினாள். ஆட்டம் முடிந்தால் காபி போடாமல் இருக்க மாட்டான்.

ரொம்ப நேரம் கழித்துப் பம்பு வெறுமனே கடகடத்தது. குழாயைத் திறந்திருக்கிறான். "ஆர்லி! தண்ணி வரல!"

"வராது! வால்வ மூடிட்டேன்! வந்து கதவத் தொற!"

காலடிகள் தடதடவென்று இறங்கின. கதவு தூக்கப்பட்டது. லெலண்டின் முகம் வெளுத்திருந்தது. "எவ்ளோ நேரமா உள்ள இருக்க?"

"நீ டிவி சத்தத்தக் கூட்டும்போதெல்லாம் இருந்தேன்."

"கோவத்துல தட்டுறேன்னு நெனச்சேன்."

"கோவத்துலயுந்தான் தட்டினேன்."

அவளைத் தூக்கி உள்ளே கொண்டுபோய், கால்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்தான். அவள் விசும்பவுமில்லை, மன்னிக்கவுமில்லை. "அடுத்த குளிருக்கு வண்டி தெக்கே போகும். ஓட்டப்போறது நான். நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

மலைக்கணவாய்ப் பாதை பனியில் மூடிக்கிடந்ததால் ஏப்ரல் வரை அவள் எங்கும் போக முடியவில்லை. அத்தனை மாதமும் குழாய்க்குத் துணி சுற்றுவதும் தொட்டியைப் பார்ப்பதும் லெலண்ட்தான். அவள் அந்த அறைப்பக்கம் போகவேயில்லை.

மறு வருஷம் செப்டம்பரிலேயே கிளம்பினாள். அவன் பக்கத்து இருக்கையில், மடியில் வரைபடத்தோடு உட்கார்ந்திருந்தான்.